முதல் தண்ணீரை வழிய விடுங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மேட்டுக்குத் தண்ணீர்தான் ஏறாது என்று நினைத்திருந்தேன், போன் சிக்னலும் ஏற மாட்டேன் என்கிறது. அழைத்து அழைத்து விரல் தேய்ந்தது. அதனால் இதை எழுதி, அத்தானின் பேருந்து எங்கள் குடிநீர் அலுவலக நிறுத்தத்தில் நிற்கும்போது ஜன்னல் வழியாக அவர் கையில் திணிக்கப் போகிறேன். அவர் வண்டியை எடுத்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். திட்டாதே.

ஒரு விஷயம். உட்கார்ந்து படி.

நேற்று சந்தைச் சாலை முக்கில் பெரிய குழாய் கசிகிறது என்று பள்ளம் தோண்டினோம். தார் மேல் தார், அதன்மேல் தார். கடப்பாறை ஓரிடத்தில் டங்கென்றது. இரும்பு மூடி. அதற்குக் கீழே ஒரு வால்வு. மேட்டுக்குப் போகும் குழாயின் வால்வு. அப்படி ஒன்று அங்கே இருப்பது எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஃபிட்டர் அண்ணன் வால்வு திருப்பும் நீள இரும்புச் சாவியை மாட்டி இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. "முழுசாத் தெறந்துதான் கெடக்கு தம்பி. மூடிப் போட்டுட்டு வா, டீ குடிக்கலாம்" என்றார். நானும் போயிருப்பேன். வால்வின் தலையில் ஏதோ தெரிந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். ஓர் அம்புக்குறி. எதிர்ப்பக்கம் காட்டியது.

அக்கா, இந்த ஊரில் எல்லா வால்வும் இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். இது ஒன்று மட்டும் தலைகீழ். எந்தக் காலத்திலோ வேறு எங்கோ வாங்கிப் போட்டது. ஒரு பழுது வேலை முடிந்து எல்லா வால்வையும் திறந்துவிடும்போது, இதையும் பழக்கத்தில் இடப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள். திறந்ததாக நினைத்து இறுக்கி மூடிவிட்டார்கள். மேலே சாலை போட்டார்கள். அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் நம் தெருக்குழாய் நின்றது, அவ்வளவுதான்.

போன முறை வந்தபோது உன் வாசலில் குச்சியால் கோடு கிழித்து, "மேடு உசரம்க்கா, அழுத்தம் பத்தாது, இது இயற்கை" என்று உனக்குப் பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். நேற்று மாலை நீர்த்தேக்கத்தின் உயரத்தைப் பார்த்தேன். அது உன் வீட்டுக் கூரையைவிட உயரத்தில் இருக்கிறது. பம்பே வேண்டாம். தானாக வந்து கொட்டும். ஆறாம் வகுப்புக் கணக்கு. ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. நானும் போட்டுப் பார்க்கவில்லை.

யாரோ நம்மைத் திட்டமிட்டு வஞ்சிக்கிறார்கள் என்றுதானே இத்தனை வருஷம் கத்தினோம்? வஞ்சிப்பதற்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை அக்கா.

பேருந்து வருகிறது.

உன் தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தண்ணீர் லாரி வரிசையில் நின்றுகொண்டு படித்தேன். உட்கார்ந்து படி என்று நீ எழுதியிருந்ததைப் பொருட்படுத்தாமல் நின்றபடியே மேலே படித்துவிட்டேன், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் இடம் போய்விட்டது. ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தையற்காரிதான், "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. தையற்காரி மட்டும் சிரிக்கவில்லை, கையிலிருந்த குடத்தை லாரியின் மேல் வீசினாள். புதுக் குடம். நசுங்கிவிட்டது.

உன் அத்தான் சாப்பிடும்போதும் "ஒரு வால்வா?", கை கழுவும்போதும் "ஒரே ஒரு வால்வா?" இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றது உனக்கு ஞாபகம் இருக்காது. லாரி வரும் நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமும் ஒன்று. வீட்டில் யாராவது ஒருவர்தான் போக முடியும். நீ போனாய். அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மேடு உயரம், யார் என்ன செய்ய முடியும் என்று. இப்போது வருத்தமாக இருக்கிறது. அம்மா படிக்கட்டில் குடத்தோடு விழுந்து இடுப்பு போனதே, அதற்கும் மேட்டைத்தான் திட்டினோம். பாவம், மேடு.

தையற்காரியின் மகளை உனக்குத் தெரியும், வாயாடி. எங்கள் வாசலில் நிற்கும் செத்துப்போன குழாயில்தான் தினமும் பள்ளிப்பையை மாட்டிவிட்டு விளையாடுவாள். அதில் தண்ணீர் வரப்போகிறது என்றதும், "அப்ப என் பைய எங்க மாட்டுவேன்?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ஆறு வயதாகிறது, குழாயில் தண்ணீர் வந்து பார்த்ததே இல்லை.

சீக்கிரம் திற. இன்றே திற. உன் அதிகாரிகளுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று சொல். அடிக்க வருவோம் என்றும் சொல். எது வேலை செய்கிறதோ அது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 12, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

செயற்பொறியாளரிடம் சொன்னேன். அவர் துள்ளி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். "உக்காருங்க தம்பி" என்றார். டீ வரவழைத்தார். அவர் முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை. அதுதான் என்னை உறைய வைத்தது.

"இப்பத் தெறந்தா, இத்தன வருஷம் ஏன் தெறக்கலன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"உண்மையச் சொல்லலாம் சார்."

"சொல்லுங்க. எந்த ஆபீஸ்ல வேல பாத்துக்கிட்டுச் சொல்லுவீங்க?"

பிறகு தன் யோசனையைச் சொன்னார். மேட்டுக்கென்று தனியாக ஒரு சிறப்புத் திட்டம். புதுப் பம்பு, புதுக் கட்டடம், வாசலில் கல்வெட்டு. அடுத்த வருஷம் திறப்பு விழா. பெரிய மனிதர் மேடையில் பொத்தானை அழுத்துவார். அதே நேரம் இங்கே கீழே யாராவது ஒருவன் கமுக்கமாக இந்த வால்வைத் திருப்பினால் போதும். பம்பு சும்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். "எல்லாருக்கும் நல்லது தம்பி. மக்களுக்கும் தண்ணி, நமக்கும் பேரு." டீ நன்றாகத்தான் இருந்தது. என்னால் விழுங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளத்தை மூடித் தார் போடுகிறார்கள். நான் வியாழக்கிழமை காலை, அவர் கூட்டத்துக்குப் போனதும், வால்வைத் திறக்கப் போகிறேன். ஃபிட்டர் அண்ணன் கூட இருப்பதாகச் சொல்லிவிட்டார். திறந்த வால்வின் மேல் தாராளமாகத் தார் போடட்டும்.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. எல்லாருக்கும் சொல்.

இந்தக் குழாய் இத்தனை வருஷம் காய்ந்து கிடந்தது. உள்ளே துரு, சேறு, எலி, எங்கெங்கோ விரிசல் வழியாக இறங்கிய சாக்கடை. முறைப்படி குளோரின் ஏற்றி, ஒரு நாள் ஊறவைத்து, கழுவி வெளியேற்றி, பரிசோதித்து, அதற்குப் பிறகுதான் மக்களுக்கு விட வேண்டும். அதற்கு ஒப்புதல் கேட்டால் கதவு அடைந்துவிடும். அதனால் கழுவும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதல் தண்ணீரை வழிய விடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து வையுங்கள். வியாழன் காலை முதல் வெள்ளி சாயங்காலம் வரை ஓடட்டும். குடிக்கக் கூடாது. வாய் கொப்பளிக்கக் கூடாது. பாத்திரம் கழுவக் கூடாது. முதலில் சிவப்பாக வரும், அப்போது யாரும் தொட மாட்டார்கள். பிறகு கண்ணாடி போலத் தெளியும். அதுதான் ஆபத்து. தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் ஒரு வாரம் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

நீ குழாயடியிலேயே நில். உன்னை நம்பித்தான் திறக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டு மேடே சிரிக்கிறது.

"தண்ணிய வழிய விடறதா? வெயில்ல நின்னு நின்னு மூள கொழம்பிடுச்சா?" என்கிறார்கள். தையற்காரி சொன்னதைக் கேள்: "அக்கா, எம்பொண்ணு குளிச்ச தண்ணியில துணி தொவைக்கிறேன், துணி தொவைச்ச தண்ணிய கக்கூசுக்கு ஊத்தறேன். என்னப் போயி நல்ல தண்ணி ஓடறத வேடிக்க பாருன்னா எப்படி? எம்புருஷன் ஓடிப்போனதக்கூட வேடிக்க பாத்தேன், இத முடியாது."

சிரிப்பாகச் சொன்னாலும் பொய்யில்லை தம்பி. இங்கே குழந்தைகள் வாய் கொப்பளித்துத் துப்புவதற்குக்கூட ஒரு வாளி வைத்திருக்கிறோம்.

நீ வந்து சொன்னால் கேட்பார்கள். சட்டையில் அலுவலக அட்டையை மாட்டிக்கொண்டு குழாயடியில் வந்து நில். ஃபிட்டர் வால்வைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா? நான் எத்தனை பேரை ஒற்றை ஆளாகப் பிடித்து நிறுத்துவது?

பதில் அனுப்ப நேரமில்லை என்று தெரியும். வந்துவிடு.

அக்கா


பிப்ரவரி 15, வெள்ளி

அக்கா!

வந்ததா? என்ன நிறம்? முதலில் காற்றுத்தானே வந்தது, புஸ்ஸென்று? யார் முதலில் பார்த்தது? வாயாடி என்ன சொன்னாள்?

நான் வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பழைய குழாய், வேகமாகத் திறந்தால் வெடித்துவிடும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, காதை வைத்துக் கேட்டு, மறுபடி கொஞ்சம். அதை இன்னொருவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. சாவியில் காதை வைத்தால் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது அக்கா. ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுவது போல. பள்ளத்துக்குள் உட்கார்ந்து அழுதேன். ஃபிட்டர் அண்ணன், "போதும்டா, ஒங்க அக்கா வீட்டுக் கொழாய்ல உப்புக் கரிக்கப் போவுது" என்றார்.

இன்று காலை தார் போட்டுவிட்டார்கள். திறந்த வால்வின் மேல்.

உடனே எழுது.

தம்பி


பிப்ரவரி 18, திங்கள்

அக்கா,

ஏன் பதில் இல்லை? அத்தானின் பேருந்தை வேறு யாரோ ஓட்டுகிறார். கேட்டால், "அவருக்கு ஒடம்பு சரியில்ல, லீவு" என்கிறார். என்ன ஆயிற்று? இதை அந்த ஓட்டுநரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒரு வரி எழுது போதும்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

வாயாடி செத்துப்போய்விட்டாள்.

வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொடங்கியது. முதலில் ஒரு வீடு, பிறகு அடுத்த வீடு, சாயங்காலத்துக்குள் தெருவே வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்றார்கள். ஆம்புலன்ஸ் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஒவ்வொருவராகக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி இறக்கினோம்.

வாயாடிக்கு முதலில் அவ்வளவு மோசமில்லை. நர்ஸ் வந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றாள். காய்ச்சிக் கொடுங்கள் என்றும் சொன்னாளாம். தையற்காரி காய்ச்சவில்லை. லாரித் தண்ணீராக இருந்தால் காய்ச்சியிருப்பாள். "கொழாத் தண்ணிதானக்கா? கவர்மெண்ட் தண்ணி, நல்ல தண்ணிதான?" என்று ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கேட்டாள். கிண்ணம் கிண்ணமாக அதையே கொடுத்திருக்கிறாள். குழந்தை கேட்டுக் கேட்டுக் குடித்ததாம்.

சனிக்கிழமை காலை கண் உள்ளே போய், பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பேச்சு நின்றதும் எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் காதில் ஒன்றும் விழவில்லை. எதிரில் நிற்பவர்கள் வாயசைக்கிறார்கள்.

நான் எழுதினேன் அல்லவா? தடித்த எழுத்தில் எழுதினேன். தெளிந்தாலும் குடிக்கக் கூடாது என்று எழுதினேன். ஏன் குடித்தார்கள்? நீ அங்கேதானே நின்றாய்? ஏன் தடுக்கவில்லை? ஒரே ஒரு நாள். இத்தனை வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் காத்திருக்க முடியவில்லையா?

நேற்றே தாரை உடைத்து வால்வை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு மட்டும் அம்புக்குறியைச் சரியாகப் பார்த்துத் திருப்பினார்கள். செயற்பொறியாளர் ஒரு வாக்குமூலத்தை என் முன்னால் வைத்திருக்கிறார். மேட்டு மக்கள் கைவிடப்பட்ட குழாயை உடைத்து, சட்டவிரோதமாகத் தண்ணீர் எடுத்ததால் நேர்ந்த விபத்து. நான் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்து. போட்டால் வேறு ஊருக்கு மாற்றல். போடாவிட்டால், திறந்தவன் நான்தான் என்று என்மேல் வழக்கு. "ஒரு கொழந்த செத்திருக்கு தம்பி. நல்லா யோசிங்க" என்றார். இந்த முறையும் டீ கொடுத்தார். குடித்துவிட்டேன்.

யோசிக்க நேரம் கேட்டேன், அடுத்த வெள்ளி வரை கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். நான் ஜெயிலுக்குப் போனால் அந்தக் குழந்தை திரும்பி வந்துவிடுமா?

நீ என்ன சொல்கிறாய்?

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

ஏன் தடுக்கவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். திட்டுவதற்காக எழுதவில்லை.

முதலில் காற்று வந்தது. பிறகு சிவப்பு. பிறகு சாக்கடைக் கறுப்பு. அதுவரை எல்லாரும் நான் சொன்னபடி விலகி நின்றார்கள். முதல் நாள் முடியாது என்ற தையற்காரியேதான் எனக்குத் துணை, கையில் அளவுகோலோடு. மத்தியானம் தெளிந்தது. நீ எழுதியது போலவே, கண்ணாடி மாதிரி. அதன் பிறகும் நின்றார்கள் தம்பி. குழாயிலிருந்து கொட்டி, வாய்க்காலில் இறங்கி, கல் இடுக்கில் மறைந்துகொண்டே இருந்தது. ஒரு பெரியவர் பார்க்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் லாரிக்காரன் மேலே வந்தான். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். "வெஷத்த விட்டிருக்கான். அதான் குடிக்க வேணாங்கறான். ஒங்கள இங்கேருந்து கெளப்பறதுக்கு வேற வழி கெடைக்கல" என்றான். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் உன் கடிதத்தைக் காட்டினேன். வீட்டைக் காலி செய் என்று எத்தனையோ நோட்டீசு வந்திருக்கிறது, அதில் எதுவும் எங்களுக்கு நல்லது செய்ததில்லை, கடிதத்தை யார் மதிப்பார்கள்? ஒருவன் குழாயிலிருந்து ஒரு தம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினான். "ஒந்தம்பி விட்ட தண்ணிதான? வெஷம் இல்லன்னா நீ குடி, பாப்போம்."

குடிக்காவிட்டால் நீ விஷம் வைத்தவன். எல்லார் முன்னாலும், காலத்துக்கும். நீ பக்கத்தில் நின்றிருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்திருப்பேன், நீ தம்ளரைத் தட்டிவிட்டிருப்பாய். நீ கீழே வால்வில் காதை வைத்துக்கொண்டிருந்தாய்.

குடித்தேன். முழுத் தம்ளரும் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினேன். இனிப்பாக இருந்தது. நான் கீழே வைப்பதற்குள் குடங்கள் வந்துவிட்டன. தையற்காரி அளவுகோலைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, இருந்த பாத்திரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் வாயாடிக்குத்தான் கொடுத்தாள்.

எனக்கு ஒரு நாள் வயிறு வலித்தது. வேறொன்றும் ஆகவில்லை.

நேற்று தையற்காரி வந்து கதவைத் தட்டினாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கதவை அகலமாகத் திறந்துவிட்டு நின்றேன். அவள் உள்ளே வரவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"அக்கா, ஒந்தம்பி இன்னொரு வாட்டி தெறப்பானா?"

என்னடி சொல்கிறாய் என்றேன்.

"தெறக்கச் சொல்லு. இல்லன்னா எம்பொண்ணு எதுக்குச் செத்தா? இந்த வாட்டி எவ்ளோ நேரம் வழிய விடணும்னு கேட்டு எழுது. ஒரு நாள்னாலும் ஒரு வாரம்னாலும் நான் கொழாயடியில நிக்கிறேன். எவ கொடத்தத் தூக்கிட்டு வர்றான்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் போகிறபோதுதான் பார்த்தேன், குழாயில் வாயாடியின் பையை மறுபடி மாட்டி வைத்திருக்கிறாள்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த வீட்டுக்கு வராதே. எனக்கு ஒரு தம்பி இருந்தான், அவனைப் படிக்க வைத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். போடவில்லை என்றால் வா. என்ன வழக்கு போட்டாலும் தம்ளரைக் கவிழ்த்தவள் நான் என்று நானும் வந்து சொல்கிறேன். குளோரினோ கிளோரினோ, முறைப்படி என்ன உண்டோ அதைச் செய்யச் சொல்லி மேடு முழுக்க உன் அலுவலக வாசலில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறது. வால்வை ஃபிட்டர் திருப்பட்டும். நீ மேலே, அந்தக் குழாயடியில், அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அத்தான் இன்னும் வேலைக்குப் போகவில்லை. இதைத் தபாலில் போடுகிறேன்.

மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் எழுது, அல்லது எழுதாமல் இரு. முதல் தண்ணீர் எவ்வளவு நேரம் வழிய வேண்டும் என்பதை மட்டும் உடனே எழுது. அவள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். தபால்காரர் எப்போது வருவார் என்று இப்போதே எழுந்து எழுந்து வந்து கேட்கிறாள்.

அக்கா